தளவானூர்க் குகையும் தன் சமயத்தை நகைத்த வேந்தனும்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன மலைக்கோட்டையும் தேசிங்கு ராஜனின் கதையும்தான். அந்தக் கோட்டை 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதே வட்டாரத்தில், கோட்டையின் முதல் மதில் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தோன்றிய நினைவுச்சின்னம் ஒன்று தளவானூரில் இருக்கிறது. ஊரார் பஞ்சபாண்டவர் மலை என்று அழைக்கும் பாறைக் குன்றைக் குடைந்து செய்த அந்தச் சிவன் கோயிலுக்குச் சத்ருமல்லேசுவரம் என்று பெயர். அதைச் செய்வித்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்.

தமிழ் படித்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாத பெயர் இது. பள்ளிப் பாடநூல்களில் அவனைப் பற்றி மூன்று செய்திகள் தவறாமல் இருக்கும்: அவன் குடைவரைக் கோயில்களை எழுப்பினான், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியோடு போரிட்டான், சமணனாக இருந்து, திருநாவுக்கரசரால் சைவனானான். முதலிரண்டும் கலைக்கும் அரசியலுக்கும் உரியவை. மூன்றாவது செய்தி அப்படிப்பட்டதன்று. ஒரு சமயம் இன்னொரு சமயத்தை வென்ற கதையாகவும், ஒரு சமயத்தார் கொடியவர்களாக இருந்ததற்குச் சான்றாகவும் அது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கதையில் கொடியவர்களாக வரும் சமணரின் வழிவந்த தமிழ்ச் சமணர்கள் இன்றும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் உழவு செய்து வாழ்கிறார்கள். அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஆகவே, இந்த மன்னனின் வாழ்க்கையைச் சரியாக அறிந்துகொள்வது பழம்பெருமை பேசுவோர்க்கு மட்டும் உரிய வேலையன்று.

மகேந்திரவர்மன் சிம்மவிஷ்ணுவின் மகன். பின்னாளில் வாதாபியைக் கைப்பற்றிய மாமல்லன் நரசிம்மவர்மனின் தந்தை. ஏறத்தாழ கி.பி. 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து அவன் ஆண்டதாக வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். தந்தை சிம்மவிஷ்ணு, பெயருக்கேற்பத் திருமாலிடம் பற்றுக் கொண்டவன். பாட்டன் சிம்மவர்மன் வச்சிரநந்தி என்ற சமண முனிவருக்கு நிலம் வழங்கியதைப் பள்ளன்கோயில் செப்பேடு தெரிவிக்கிறது. அதற்கும் முன்பு, கி.பி. 458-இல், இன்றைய திருப்பாதிரிப்புலியூரான பாடலிகையில் லோகவிபாகம் என்ற சமண நூல் எழுதப்பட்டபோது, அந்நூல் காஞ்சியின் பல்லவ மன்னனுடைய ஆட்சியாண்டைக் கொண்டே தன் காலத்தைக் குறித்தது. பல சமயங்கள் ஒரே கூரையின்கீழ்ப் புழங்கிய அரசகுடியில் மகேந்திரன் பிறந்தான் என்பதற்கு இவை போதும்.

அவனுடைய தலைநகரமும் அப்படிப்பட்டதுதான். காஞ்சியில் புத்த விகாரங்கள் இருந்தன. இன்றும் ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் இருந்தனர். பாசுபதரும் காபாலிகரும் தெருவில் நடமாடினர். மகேந்திரன் இறந்தபின் இந்நாட்டைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், நூறு அளவிலான சங்காராமங்களும் பதினாயிரம் துறவியரும் எண்பது தேவர் கோயில்களும் திரளான நிர்க்கந்தரும் இங்கிருந்ததாகக் குறித்துவைத்தார். நிர்க்கந்தர் என்பார் சமணத் துறவியர். மன்னன் சைவனானதும் சமணம் இந்நாட்டில் வேரறுந்தது என்ற எண்ணத்தை இந்த ஒரு குறிப்பே அசைத்துவிடும்.

கல்லில் எழுதிய வாழ்க்கை

மகேந்திரனைப் போலத் தனக்குத்தானே பட்டப்பெயர் சூட்டிக்கொண்ட அரசர் அரியர். விசித்திரசித்தன், குணபரன், லளிதாங்குரன், அவனிபாஜனன், சித்திரகாரப்புலி, மத்தவிலாசன் என அந்தப் பட்டியல் நீளும். விசித்திரசித்தன் என்றால் புதுமையை நாடும் மனத்தினன். ஓவியர்களுள் புலி என்பது சித்திரகாரப்புலியின் பொருள். தளவானூரின் சத்ருமல்லன், பகைவர்க்கு மல்லன். இத்தனைக்கும் நடுவே களிமயக்கத்தில் திளைப்பவன் என்று பொருள்படும் மத்தவிலாசன் என்ற பெயரையும் ஓர் அரசன் விரும்பி ஏற்றான் என்பது கவனிக்கத்தக்கது.

தளவானூரிலிருந்து தொலைவில் இல்லாத மண்டகப்பட்டில் அவனது முதல் பெருமுயற்சி நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலைச் செய்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. அதுவரை கோயில் என்பது காலத்தால் அழியும் பொருள்களால் ஆனது. பாறையையே கோயிலாக்கலாம் என்று தொண்டை நாட்டில் துணிந்தவன் இவன்.

பின்னர் வரிசையாக வந்தன மாமண்டூர், மகேந்திரவாடி, சீயமங்கலம், பல்லாவரம், திருச்சிராப்பள்ளி, தளவானூர். இவற்றுள் மகேந்திரவாடிக் குடைவரை திருமாலுக்குரியது. தளவானூரும் சீயமங்கலமும் திருச்சியும் சிவனுக்குரியவை. தளவானூர்க் குகையின் முகப்பில், நடுத்தூண்கள் இரண்டையும் இணைத்து வளையும் மகர தோரணம் அழகியது. அங்கே வடமொழிப் பாட்டு ஒன்றும் தமிழ்ப் பாட்டு ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. வெண்பேடு என்னும் ஊருக்குத் தெற்கே அரனுக்கு இந்த இடம் அமைந்ததைத் தமிழ்ப் பாட்டு சொல்கிறது. பாடிய பிரம்மமங்கலவன் செல்லன் சிவதாசனின் பெயரும் கல்லிலேயே நிற்கிறது. பேரரசன் செய்வித்த கோயிலில் உள்ளூர்ப் புலவன் ஒருவனுக்கும் இடம் கிடைத்தது.

பல்லாவரத்துக் குடைவரையின் வரலாறு இன்னும் வியப்பூட்டுவது. மகேந்திரனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்ட அந்தக் குகை காலப்போக்கில் இஸ்லாமியர் வழிபடும் தர்காவாக ஆயிற்று. ஒரே மன்னன் வெட்டிய பாறைகளுள் ஒன்றில் லிங்கமும் இன்னொன்றில் பெருமாளும் வேறொன்றில் தர்காவும் இன்று இருக்கின்றன. அவன் திட்டமிடாத முடிவு இது. ஆனாலும், பல சமயத்தார் மாறி மாறிக் குடியிருந்த இந்த மண்ணின் இயல்புக்கு இது மாறானதன்று.

மேடையில் ஏறிய சமயங்கள்

மகேந்திரன் கல்லில் விட்டுச்சென்றதைக் காட்டிலும் துணிவானது அவன் ஏட்டில் விட்டுச்சென்றது. மத்தவிலாசப் பிரகசனம் என்னும் அங்கத நாடகத்தை அவன் வடமொழியில் எழுதினான். காஞ்சி நகரத் தெருவே அதன் களம். சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் கள் மயக்கத்தில் வருகின்றனர். அவனுடைய உண்கலமான மண்டையோடு காணாமற்போகிறது. அவ்வழியே ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வரும் நாகசேனன் என்ற புத்தத் துறவிமேல் ஐயம் விழுகிறது. சண்டை முற்றுகிறது. பாசுபதன் ஒருவன் நடுவனாக வந்து சேர்கிறான். வழக்கு மன்றத்துக்குப் போகலாம் என்றால், விகாரத்துச் செல்வத்தைக் கொண்டு துறவி அங்குள்ளோர் வாயை அடைத்துவிடுவான் என்று தேவசோமை அஞ்சுகிறாள். கடைசியில் பித்தன் ஒருவன் வருகிறான். அவன் கையில் இருக்கிறது மண்டையோடு. அதிலிருந்த இறைச்சிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து பித்தன் பறித்திருந்தான். பூசல் தீர்கிறது, அனைவரும் இணக்கமாகப் பிரிகிறார்கள்.

கதை இவ்வளவுதான். ஆனால், அது காட்டும் உண்மை பெரியது. ஒரு பொருள் தொலைந்ததும், தேடுவதற்கு முன்பே திருடன் யார் என்று முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுக்குச் சான்று, எதிரில் நிற்பவன் வேறு சமயத்தான் என்பது மட்டுமே. அவன் தன் பாத்திரத்தைக் காட்டினாலும் ஐயம் தீர்வதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிவிட்டான் என்று புதுக் குற்றம் சேர்கிறது. பிறர்மேல் கொண்ட வெறுப்பு சான்றுகளை எப்படி விழுங்கும் என்பதை ஏழாம் நூற்றாண்டிலேயே ஓர் அரசன் நகைச்சுவையாக்கிக் காட்டியிருக்கிறான்.

இதில் இன்னொன்றையும் காண வேண்டும். நாடகத்தை எழுதியபோது மகேந்திரன் சைவனாகவே இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியிருந்தும் மேடையில் முதலில் நகைப்புக்கு ஆளாகிறவர்கள் சிவனின் பெயரால் திரியும் காபாலிகர். பாசுபதனும் தப்பவில்லை. தன் சமயத்தைச் சேர்ந்தவரை முதலில் நகைத்தபின் பிறரை நகைப்பவனின் சிரிப்பில் நஞ்சு குறைவு.

அதற்காக அந்த நாடகத்தை நடுநிலையின் உருவம் என்று கொண்டாடவும் இயலாது. புத்தத் துறவி ஊனுண்டு மகிழ்கிறவனாகவும், மதுவையும் மகளிரையும் விலக்கிய விதிகளைப் பழந்துறவியரின் பொறாமையாகக் கருதுகிறவனாகவும் வருகிறான். சமணரைப் பற்றிக் காபாலிகன் வாயிலிருந்து ஏளனமான சொற்கள் வருகின்றன. ஆனால், மறுமொழி சொல்ல ஒரு சமணப் பாத்திரம்கூட மேடையில் இல்லை. தன் காலத்து மனச்சாய்வுகளைக் கண்டு சிரித்தவனுக்குள்ளும் அச்சாய்வுகள் ஓரளவு இருந்தன. அறிவாளி ஒருவனிடமும் அவை ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை இந்த நாடகமே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

மதமாற்றக் கதையின் மூன்று சான்றுகள்

மகேந்திரன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறினான் என்பதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது? திருச்சி மலைக்கோட்டைக் குடைவரையில் உள்ள கல்வெட்டு ஒன்று, குணபரன் என்னும் அரசன் லிங்கத்தின் வழியே எதிர்நிலையிலிருந்து திரும்பிய அறிவைப் பேசுகிறது. அந்த எதிர்நிலை சமணமே என்று கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் கருதினார். அந்தப் பாட்டில் வரும் சொற்கள் தருக்க நூலுக்கும் உரியவை. இருபொருள்படப் பாடிய சொல்விளையாட்டு அது என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் விளக்கினர். சமணம் என்ற சொல் அந்தக் கல்லில் இல்லை.

இரண்டாவது சான்று திருநாவுக்கரசரின் பதிகங்கள். சமணரோடு தாம் வாழ்ந்த நாள்களை எண்ணி அவர் வருந்துவதும், தமக்கு நேர்ந்த இன்னல்களிலிருந்து சிவன் காத்ததைப் பாடுவதும் அவற்றில் உண்டு. அந்தத் துயரின் உண்மையை ஐயுற வேண்டியதில்லை. மன்னனின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.

மூன்றாவது, பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் சேக்கிழார் பாடியது. நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கடலில் எறிதல் என்னும் கொடுமைகளை அடியார் வென்றதும், மனம் மாறிய பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததும் அதில்தான் விரிவாக வருகின்றன. குணபரன் என்ற பெயரைக் கொண்டே அந்த மன்னன் மகேந்திரன் என்று ஆய்வாளர் அடையாளம் கண்டனர். பொருந்தக்கூடிய முடிவுதான். ஆனால், மகேந்திரனுக்கும் சேக்கிழாருக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

இவற்றால் மதமாற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நடந்திருக்கக்கூடும். ஆனால், தெளிவற்ற கல்வெட்டு ஒன்றையும் பெயர் சொல்லாத பதிகத்தையும் பக்திப் பெருங்காப்பியத்தையும் ஒன்றாகக் கோத்து, அதன்மேல் ஒரு சமூகத்தின் மீதான தீர்ப்பை எழுதுவது முறையாகாது. சித்தன்னவாசல் ஓவியங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மகேந்திரன் சமணனாக இருந்த காலத்தில் செய்தவை என்று அவை நெடுங்காலம் போற்றப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் காலத்தில் இளங்கௌதமன் என்ற ஆசிரியர் அங்கே செய்த பணிகளைக் கல்வெட்டு சொன்னபிறகு அந்தக் கருத்து தளர்ந்தது. கதைக்குச் சான்று தேடுகிறவர் கண்ணுக்கு எல்லாம் சான்றாகவே தெரியும்.

போரும் முடிவும்

மகேந்திரனின் கடைசி ஆண்டுகள் போரில் கழிந்தன. புலிகேசியின் படை வடக்கிலிருந்து இறங்கியது. தூசி மூடிய காஞ்சியின் மதிலுக்குப் பின்னே பல்லவனை ஒடுங்கச் செய்ததாக ஐஹொளெக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. கி.பி. 634-35-இல் அதைப் பாடிய இரவிகீர்த்தி ஒரு சமணப் புலவர். அது பொறிக்கப்பட்ட இடமும் சமணக் கோயிலே. பல்லவர் தரப்பின் காசாக்குடிச் செப்பேடு, புள்ளலூரில் மகேந்திரன் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் என்கிறது. அது நூறாண்டுக்கும் மேல் பிந்தியது. பகைவரின் பெயரையும் சொல்லவில்லை. தோற்றானா, வென்றானா என்பதற்கு இரு தரப்பும் இருவேறு விடை வைத்திருக்கின்றன. காஞ்சி வீழவில்லை, வடபகுதிகள் சில கைவிட்டுப் போயின என்பதே நிதானமான முடிவு. ஏறத்தாழ 630-இல் அவன் மறைந்தான். 642-இல் அவன் மகன் வாதாபியைப் பிடித்தான்.

அதன்பின் மகேந்திரன் என்ற எழுத்தாளன் தமிழர் நினைவிலிருந்து ஏறக்குறைய மறைந்தேபோனான். அவனுடைய நாடகத்தைக் காத்தவர்கள் கேரளத்துச் சாக்கியார்கள். கூடியாட்ட மரபில், சில கோயில்களில் மத்தவிலாசம் வழிபாடாகவே நடிக்கப்பட்டு வந்தது. சமயத்தாரைச் சிரித்துத் தள்ளும் நாடகம் கோயிலுக்குள் வழிபாடாயிற்று என்பது நம் முன்னோரின் மனவிரிவுக்குச் சான்று. 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி ஏட்டிலிருந்து அதை அச்சிட்டார். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் மாமண்டூர்க் கல்வெட்டில் மத்தவிலாசம் என்ற பெயரைக் கண்டு, நூலாசிரியனும் கோயில் செய்வித்தவனும் ஒருவனே என்பதை உறுதிப்படுத்த உதவினார்.

பொதுமக்களிடம் அவனைக் கொண்டுசேர்த்தது ஆய்வு நூல்களன்று, கல்கியின் சிவகாமியின் சபதம். 1940-களில் தொடராக வந்த அந்தப் புதினம் மகேந்திரனைக் கலைஞனாகவும் சூழ்ச்சித்திறன் மிக்கவனாகவும் உயிர்பெறச் செய்தது. அதே புதினத்தில் வஞ்சகம் நிறைந்த ஒற்றனாக வருபவர் ஒரு புத்த பிக்கு. நாகநந்தி கற்பனைப் பாத்திரம். ஆனாலும், நாவலைப் படித்த தலைமுறைகளின் மனத்தில் பல்லவர் காலத்துப் பௌத்தம் என்றதும் முதலில் எழுவது அவர் உருவமே. கதைக்கு இருக்கும் ஆற்றல் அத்தகையது. ஆசிரியரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. கதையையும் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சி வாசகர்க்கு வேண்டும் என்பதே செய்தி.

சேர்ந்து பார்த்தல், இருந்து பேசுதல்

அந்தப் பயிற்சி தனிமையில் கிடைப்பதில்லை. இன்று வரலாற்றுப் படங்களும் துண்டுக் காணொளிகளும் கைப்பேசி வழியாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வந்து சேர்கின்றன. பார்த்தவர் சினம் கொள்கிறார். மறுகணம் பிறருக்கு அனுப்புகிறார். அது உண்மையா என்று கேட்க அருகில் ஆளில்லை. ஊர் கூடிப் படம் பார்த்து, விளக்கைப் போட்டபின் உட்கார்ந்து பேசுகிற வழக்கத்தின் தேவை இங்கேதான் எழுகிறது. சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947-இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியபோது, படம் பார்ப்பதைப் போலவே அதைப் பற்றி உரையாடுவதையும் ஒரு கல்வியாகக் கருதினர். அந்த வழக்கம் பெருநகரங்களுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை.

செஞ்சி வட்டாரத்துக்கு இது புதிதும் அன்று. திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலநிலமாக ஆய்வாளர்கள் கருதும் பகுதி இது. இரவெல்லாம் பாரதக் கூத்தைப் பார்த்து, விடிந்ததும் துரியோதனன் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துப் பேசுகிற ஊர்கள் இவை. அந்த அம்மனுக்குக் காவலாக நிற்பவர்களுள் ஒருவர் முத்தால் ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர். திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. செஞ்சியில் நவாபு காலத்துப் பள்ளிவாசல் இருக்கிறது. தளவானூரில் சிவனின் குகை. இத்தனையும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும்.

தளவானூரில் ஒரு மாலையில் மத்தவிலாசத்தின் மேடைப் பதிவையோ, சமய வரலாற்றைப் பேசும் நல்ல படம் ஒன்றையோ ஊர்த்திடலில் திரையிடலாம். தொல்லியல் துறையின் காப்பில் உள்ள குகைக்கு எந்த இடையூறும் வேண்டாம். ஊர்ப் பள்ளியின் சுவரே போதும். படம் முடிந்தபின் கேள்விகளை எழுப்ப வேண்டும். மண்டையோட்டை எடுத்தது யார் என்று நீங்கள் முதலில் யாரை நினைத்தீர்கள், ஏன் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்கலாம். மேடையில் ஒரு சமணருக்கு ஏன் இடமில்லை என்று மேல்சித்தாமூரிலிருந்து வரும் ஒருவர் கேட்கட்டும். பெரியபுராணத்தில் தோய்ந்த ஓதுவார் ஒருவர் நாவுக்கரசரின் துயரை எடுத்துச் சொல்லட்டும். எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை. பிறர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் போதும்.

மகேந்திரவர்மனின் வாழ்க்கை நமக்குத் தருவது ஒரு சமயத்தின் வெற்றிச் செய்தியன்று. கல்லிடம் துணிவோடும் சமயங்களிடம் சிரிப்போடும் நடந்துகொண்ட ஒருவன், பின்னால் வந்தோர் கையில் வெறும் மதமாற்றக் கதையாகச் சுருங்கினான். காணாமற்போன உண்கலத்துக்காகக் காஞ்சித் தெருவில் எழுந்த பூசல் பித்தன் ஒருவனால் தீர்ந்தது. நம் தெருக்களில் எழும் பூசல்களைத் தீர்க்க அப்படி ஒருவன் வருவான் என்று காத்திருக்க முடியாது. தொலைந்த பொருளை நாய் தூக்கிப் போயிருக்கலாம் என்ற எண்ணம், பக்கத்துவீட்டாரைக் குற்றம் சாட்டுவதற்கு முன்பு நமக்கே வர வேண்டும்.